மாற்றம் சரி, பயிற்சி எங்கே?

"ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பாடத்தரங்களைப் புதுப்பித்தால் அரசுப் பள்ளிகள் தானாக முன்னேறும்" என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அந்தத் 'தானாக' என்ற சொல்தான் உதைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் ஆரம்ப வகுப்பு ஆசிரியையாக இருந்தவள் நான். 1998இல் 'கரிகுலம் 2005' என்ற பெயரில் புதுப் பாடத்திட்டம் முதல் வகுப்புக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது சில நாள் பயிற்சி, கைநிறையப் புதுச் சொற்கள், அவ்வளவுதான். பாடநூலை ஓரம் கட்டிவிட்டுப் பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்தோம். வாய்ப்பாடு சொல்லவைப்பதே பழம்பஞ்சாங்கம் என்று ஆனது. நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லவைத்தேன், அது வேறு கதை! 2000இலேயே மறுஆய்வுக் குழு, 2002இல் திருத்திய பாடத்திட்டம், அப்புறம் 2012இலிருந்து படிப்படியாக 'கேப்ஸ்' (CAPS) என்ற இன்னொரு பாடத்திட்டம். இந்த வாரம் இதை நடத்து என்று அதில் வரையறுத்தே கொடுத்துவிட்டார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி. புதுப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு தம்பி "பழையதே நல்லது" என்கிறார், நிறவெறிக் காலத்துப் பாடத்தை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் புதுத்தரத்தை அச்சடிக்கும் முன் ஆசிரியருக்கு ஒரு முழுப் பருவமாவது பயிற்சி கொடுங்கள், புத்தகம் ஜனவரியில் வகுப்பு தொடங்கும்போதே கையில் இருக்கட்டும்.