அந்தக் கயிற்றை எது இழுத்தது?

அறிவியல் புனைகதைப் படங்களில் அறிவியல் ஓட்டை தேடுபவர்களால் படத்தை ரசிக்க முடியாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விண்வெளியில் தனித்து மாட்டிக்கொள்ளும் இரண்டு விண்வெளி வீரர்களைப் பற்றிய, 2013-இல் வந்த 'கிராவிட்டி' எனக்கு மிகவும் பிடித்த படம். செயற்கைக்கோள் சிதைவுகள் வந்து மோதும்போது, விண்வெளியில் ஒலி பரவாது என்பதை மதித்து வெடிச்சத்தம் போடாமல் இசையை மட்டும் ஓடவிட்டதற்கே அதைக் கொண்டாடலாம்.

ஆனால் அந்தக் கயிற்றுக் காட்சி எனக்கு இன்னும் உறுத்துகிறது. விண்வெளி நிலையத்தில் சிக்கிய கயிற்றில் இருவரும் மாட்டியிருக்க, சான்ட்ரா புல்லக்கைக் காப்பாற்ற ஜார்ஜ் குளூனி தன்னை விடுவித்துக்கொண்டு விலகிப் போகிறார். கயிறு இறுகி இருவரும் நின்றுவிட்டதாகத்தான் திரையில் தெரிகிறது. அப்புறம் அவரை எது வெளியே இழுக்கிறது? நிலையமும் அவர்களும் ஒன்றாகத்தானே பூமியைச் சுற்றுகிறார்கள்! மலை விளிம்பில் தொங்குவது போன்ற எடை அங்கே கிடையாது. லேசாக ஒரு இழுப்பு போதும், மிதந்து வந்திருப்பார். நிலையம் மெல்லச் சுழல்வதாகக் காட்டியிருந்தால்கூட சுழலும்போது வெளியே தள்ளும் மையவிலக்கு விசை என்று சமாதானம் ஆகியிருப்பேன்.

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு முதுகில் மாட்டிய உந்துபையோடு போவதும் நடக்காத காரியம்தான். ஹபிளின் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 டிகிரி சாய்வு, நிலையத்தினுடையது 51.6. அந்தச் சாய்வை மாற்ற மட்டும் நொடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகமாற்றம் வேண்டும். சரி, அந்தப் பயணம் இல்லாவிட்டால் கதையே இல்லை, அதை விட்டுவிடலாம். கயிற்றுக் காட்சியை அப்படி விட முடியவில்லை, ஏனென்றால் அந்த இருவரும் பிரியும், படத்தின் மிக முக்கியமான தருணம் அதன்மேல்தான் நிற்கிறது.