கூலண்ட் டேங்கில் இருக்கும் காலியிடம் குறையல்ல

"நெல்லை வெயிலுக்கு வண்டியின் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்கைக் கழுத்துவரை நிரப்புங்கள், காலியிடம் இருந்தால் இன்ஜின் கொதித்துவிடும்" என்று அண்ணாச்சி ஒருவர் எழுதியிருப்பது தவறு. அதை நம்பி மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுபவர்கள் வழியில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸை எட்டும்போது ஏறத்தாழ 4 விழுக்காடு விரிவடைகிறது. கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த கூலண்ட் அதைவிடக் கூடுதலாக விரியும் என்பதால், 6 லிட்டர் கொள்ளும் அமைப்பில் கால் லிட்டருக்கும் மேலாக இடம் தேவைப்படுகிறது. திரவத்தை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். ஆகவே மேலே விடப்பட்ட காற்றே அந்த விரிவைத் தாங்கிக்கொள்கிறது. டேங்க் மூடியிலுள்ள வால்வு காக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட 1 பார் (ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம் அளவு) கூடினால், வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். கழுத்துவரை நிரப்பினால் அழுத்தம் சட்டென உயர்ந்து, வால்வு திறந்து, விலை கொடுத்து வாங்கிய கூலண்ட் சாலையில் வழியும்.

ரேடியேட்டரிலேயே அழுத்த மூடி உள்ள பழைய வண்டிகளில் பக்கத்திலிருக்கும் பாட்டிலில் அழுத்தம் கிடையாது. வழிந்து வரும் கூலண்ட், இன்ஜின் ஆறியதும் திரும்ப உறிஞ்சப்படும். அதற்கும் பாட்டிலில் குறித்திருக்கும் மேல்கோடுதான் எல்லை.

இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் மட்டம் டேங்கில் குறித்திருக்கும் மேல், கீழ் இரு கோடுகளுக்கு இடையே இருந்தால் போதும். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே வேண்டாம். மட்டம் அடிக்கடி இறங்கினால், மேலும் ஊற்றிக்கொண்டே இராமல் கசிவு எங்கே என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.