மைக் முன்னால் உட்கார நினைக்கும் மலைப் பிள்ளைகளுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் கணீரென்று பேசும் பிள்ளை கண்ணில் பட்டால் போதும், "உனக்கு ரேடியோ குரல், சென்னைக்குப் போய்ப் பாரு" என்று சொல்லிவிடுகிறோம். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் தவறான வழிகாட்டல். குரல் வளம் இந்தத் தொழிலில் கடைசியாக வருவது. எழுத்தில் இருப்பதைப் பேச்சாக மாற்றி வாசிக்கத் தெரிவதும், சத்தமில்லாத ஓர் அறையும்தான் முதலில் வேண்டும். இரண்டையும் மலையிலேயே உண்டாக்கிக்கொள்ளலாம்.

முதல் பள்ளிக்கூடம் வானொலி நிலையம். அதில் கொடைக்கானல் ஒரு வகை, உதகை வேறு வகை. கொடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட் சக்தியோடு மலை உச்சியிலிருந்து ஒலிக்கிறது. பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. ஆன்டெனா, கேட்பவர் இருக்கும் நிலத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்பதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அது எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். சமவெளியைவிட 1,900 மீட்டர் உயரம் என்றால் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். ஆக, கொடையில் பேசுபவர் தேனி, திண்டுக்கல், மதுரைக்காரர்களோடு பேசுகிறார். உதகையில் மலைகளே அலையை மறிக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கில் தெளிவாகக் கேட்பது அடுத்த வளைவில் கரகரக்கும். கேட்பவர்களும் பெரும்பாலும் மலைக்காரர்கள்: படகர்கள், பழங்குடிகள், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். இலங்கை வானொலியில் புகழ்பெற்ற அறிவிப்பாளர்கள் எஸ்.பி.மயில்வாகனனையும் பி.எச்.அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் அவை. ழகரம் பிசகினால் அங்கே உடனே தெரிந்துவிடும்.

அந்த மக்களுக்கு வாசிப்பதன் பொறுப்பு மழைக்காலத்தில்தான் முழுதாகப் புரியும். 2009 நவம்பர் நிலச்சரிவு நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் "குன்னூர் சாலை மூடப்பட்டுள்ளது" என்பது பாதிச் செய்தி. பர்லியாறுக்கும் காட்டேரிக்கும் இடையிலா, கல்லட்டிப் பாதை என்றால் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எதன் அருகில், மாற்று வழி கோத்தகிரியா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். இடத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு நடந்தது, பிறகு செய்ய வேண்டியது, கடைசியில் இடத்தை மறுபடி. பாதியில் ரேடியோவைத் திருப்புபவருக்கு அந்தக் கடைசி வரிதான் கை கொடுக்கும்.

தமிழ் வாசிப்பில் அடிக்கடி நடக்கும் கேடு ஒன்று இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும், மூச்சும் கடைசியில்தான் தீரும். "பேருந்துகள் இயக்கப்படாது" என்பதில் அந்த "படாது" அமுங்கினால் செய்தியே தலைகீழ். அதனால் வினைமுற்றுக்கு முந்தைய சொல்லிலேயே கால் நொடி நிறுத்தி மூச்சை மிச்சம் பிடியுங்கள். பிரதி கைக்கு வந்ததும் பென்சிலால் குறியுங்கள்: சிறு நிறுத்தத்துக்கு ஒரு கோடு, மூச்சு வாங்க இரட்டைக் கோடு. 1,35,000 என்றிருந்தால் மேலே "ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்" என்று எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாளாக இருக்கட்டும், வாக்கியம் பக்கம் மாறி ஓட வேண்டாம். விளம்பரம் என்றால் 30 நொடிக்கு 50 சொல்லே அதிகம். அதைத் தாண்டினால் வேகம் கூட்டாதீர்கள், எழுதியவரிடம் சொல் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து அறை. டப்பிங், ஒலிப்புத்தகம், விளம்பரக் குரல் எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே நடக்கிறது. இங்கே மலைக்கு ஒரு பெரிய வரம்: மின்விசிறியும் ஏசியும் தேவையில்லை. சமவெளிக்காரர்கள் அவற்றை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டு பதிவு செய்கிறார்கள். நமக்கு எதிரி தகரக் கூரை. மழை விழுந்தால் எந்த மென்பொருளும் அந்தச் சத்தத்தைப் பிரித்தெடுக்காது, குரலையும் சேர்த்துச் சிதைக்கும். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகும் என்று செலவு செய்கிறார்கள், அது மெல்லிய பலகை, கொஞ்சம்தான் தடுக்கும். கான்கிரீட் தளம் உள்ள கீழறை கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் வேலையைப் பருவத்தோடு பொருத்துங்கள்: கூடலூர், தேவாலாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் அவசர வேலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி இருந்தால் இரவெல்லாம் விசிறி இரையும். பதிவு மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினால் ஓரளவு அடங்கும்.

முட்டை அட்டை ஒட்டுவதை விட்டுவிடுங்கள், பயனே இல்லை. ஒரு அங்குல ஃபோமும் கீச்சு ஒலியை மட்டுமே குறைக்கும், பெட்டிக்குள் பேசுவது போன்ற கனத்த ஒலி அப்படியே நிற்கும். கெட்டியான கம்பளிகளை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவதைவிட உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவதுதான் முக்கியம். குரல் பதிவுக்குப் பெரும்பாலும் வாங்கும் கார்டியாய்டு வகை மைக் தனக்கு முன்னால் இருப்பதைக் கேட்கும், அதாவது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். பிறகு பேசாமல் 30 நொடி பதிவு செய்து பாருங்கள். மென்பொருளின் ஒலி அளவுகாட்டியில் அந்த நிசப்தம் மைனஸ் 60 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும், குரலின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில்.

மைக் வாங்கும்போது பனிமூட்டத்தை மறக்காதீர்கள். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை மைக்கின் உள்ளே ஈரம் ஏறினால் பொரிவது போல் படபடக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரமாவது விட்டு இணையுங்கள். இன்னொரு வகையான டைனமிக் மைக் ஈரத்தைத் தாங்கும். ஆனால் அதற்கு 60 டெசிபல் வரை கெயின், அதாவது ஒலிப்பெருக்கம், வேண்டியிருக்கும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் மலிவானது என்றால் அங்கே இரையத் தொடங்கும்.

வருமானத்தை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆகாசவாணியில் கேஷுவல், அதாவது நிரந்தரமில்லாத, அறிவிப்பாளருக்கு எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு, 'வாணி' என்ற சான்றிதழ்ப் பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் பணி மாதத்துக்கு ஆறு நாளைத் தாண்டாது. அது பயிற்சிக் களம், குடும்பம் நடத்தும் சம்பளமல்ல. மீதியைக் குரல் வேலைதான் ஈடுகட்ட வேண்டும். சென்னை சினிமா டப்பிங் என்றால் டப்பிங் கலைஞர் யூனியனின் உறுப்பினர் அட்டை கேட்பார்கள்.

குரல் வேலையில் பேசிய தொகையைவிட முக்கியமானது எங்கே, எத்தனை மாதம் ஒலிக்கும் என்பது. உள்ளூர்க் கடை விளம்பரம் என்று பேசி வாங்கிய குரல் பிறகு யூட்யூபிலும் டிவியிலும் வருடக்கணக்கில் ஓடுவது சகஜமாகிவிட்டது. ஊடகம், காலம், மறுபயன்பாட்டுக்குத் தனித் தொகை ஆகிய மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப் குரல் செய்தி போதாது. கூடவே, இந்தப் பதிவைக் கொண்டு செயற்கைக் குரல் உருவாக்கக் கூடாது என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், மாதிரிப் பதிவைக்கூட அனுப்ப வேண்டாம்.