தக்கோலத்தில் விழுந்த இளவரசன்

சோழர் பெருமை என்றாலே நேராகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கடாரத்துக்கும் போய்விடுகிறோம். அதற்கு முன்னால் அவர்கள் வாங்கிய பெரிய அடியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 949இல் அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் நடந்த போர் அது. பின்னால் வந்த சோழ வரலாற்றின் போக்கையே மாற்றியது அந்தத் தோல்விதான் என்பது என் உறுதியான கருத்து.

சோழ மன்னர் முதலாம் பராந்தகன், பாணர்கள் என்ற குறுநில மன்னர்களின் நாட்டைப் பிடுங்கிக் கங்கர் குலத்து இரண்டாம் பிருதிவீபதிக்குக் கொடுத்தார். நாடிழந்த பாணர்கள் தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணனிடம் போய் நின்றார்கள். ஆபத்து வடக்கிலிருந்து வரும் என்று தெரிந்துதான் மூத்த மகன் ராஜாதித்தனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில் நிறுத்தியிருந்தார். அப்படியும் தடுக்க முடியவில்லை.

யானை மேலிருந்த ராஜாதித்தன் மார்பில் அம்பு பாய்ந்து இறந்தான் என்கின்றன சோழரின் ஆனைமங்கலம் செப்பேடுகள். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் குத்திக் கொன்றான் என்கிறது கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டு. அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரன் என்பவன் பரிசாகக் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அது காட்டுப்பன்றியோடு மோதிச் செத்ததும், அதற்காகக் கல் நட்டு நிலமும் விட்டிருக்கிறார்கள். சோழ இளவரசனின் சாவும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில்! படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இன்னொருவர் சதுரானன பண்டிதர். கேரளத்துக்காரர், ராஜாதித்தனின் நண்பர். தலைவனோடு களத்தில் சாக முடியவில்லையே என்று துறவு பூண்டு திருவொற்றியூரில் தங்கிவிட்டார்.

சரி, அரசியலுக்கு வருவோம். தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று தன் கல்வெட்டுகளில் போட்டுக்கொண்டான். தெற்கே பாண்டியரும் தலைதூக்கினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய விளைவு அரியணையில்தான். பட்டம் இரண்டாம் மகன் கண்டராதித்தருக்குப் போனது. அவர் மறைந்தபோது மகன் உத்தமன் சிறுபிள்ளை; ஆகவே தம்பி அரிஞ்சயன், அப்புறம் அவர் மகன் சுந்தரசோழர். சுந்தரசோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட, உத்தமசோழர் ஆண்டார். 985இல்தான் ராஜராஜன். ராஜாதித்தன் பிழைத்து வாரிசோடு ஆண்டிருந்தால், மூன்றாவது மகனின் பேரனுக்கு அரியணை எட்டியிருக்குமா? எட்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

ராஜராஜன் ஆட்சி நடத்திய விதத்திலும் தக்கோலத்தின் பாடம் தெரிகிறது. பராந்தகன் வடக்கெல்லையைக் கங்கரை நம்பி விட்டார். அதே கங்கர் குலத்தின் இன்னொரு கிளைதான் அவர் மகனைக் கொன்றது. ராஜராஜனோ மண்டலம், வளநாடு என்று பிரித்து, 1001 வாக்கில் நிலத்தை அளந்து, அதிகாரிகளை வைத்து ஆண்டான். 1004 வாக்கில் கங்கரின் தலைநகர் தலைக்காடும் சோழர் கைக்கு வந்து, கங்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன், ராஜராஜனுக்கு விழா எடுக்கும் மேடைகளில் 'யானை மேல் துஞ்சிய தேவர்' ராஜாதித்தன் பெயரையும் சொல்லுங்கள்.