மூண்டு லைக் வாங்கின பாட்டு

போன கிழமை இங்க ஒரு லிங்க் போட்டனான். அவுஸ்திரேலியாவில, குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில, ஒரு கண்ணாடிப் புனலுக்குள்ள தார் வைச்சிருக்கினம். 1927இல தொடங்கின பரிசோதனை. சுத்தியலால அடிச்சா கல்லு மாதிரி நொறுங்கும், ஆனா அது திரவம்தான் எண்டு காட்டுறதுக்கு. ஒரு சொட்டு விழ ஏறத்தாழப் பத்து வருசம் எடுக்கும். இதுவரைக்கும் ஒன்பதுதான் விழுந்திருக்கு. 2000ஆம் ஆண்டு எட்டாவது சொட்டைப் பிடிக்கவெண்டே கமெரா பூட்டி வைச்சவை. சொட்டு விழுற நேரம் பாத்துக் கமெரா காலை வாரிட்டுது.

மாமா முறையான ஒருத்தர் கீழ வந்து எழுதினார்: "தம்பி, கேகேஎஸ் றோட்டில போய் நிண்டாலும் தார் பாக்கலாம்." நல்ல பகிடிதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனா அடுத்த நாள் விடிய அதே மாமா வட்ஸ்அப்பில ரோசாப்பூவோட காலை வணக்கம் அனுப்பியிருந்தார். அதுவும் ரெண்டு குறூப்பில.

சரி, தாரை விடுவம். அதே 1927 டிசம்பரில டெக்சாஸ் மாநிலத்து டலஸில ஒரு கண் தெரியாத தெருப்பாடகர் மைக்குக்கு முன்னால இருந்தார். பிளைண்ட் வில்லி ஜோன்சன். "டார்க் வோஸ் த நைற், கோல்ட் வோஸ் த கிரவுண்ட்" எண்ட மூண்டு சொச்ச நிமிசப் பதிவு. அதில சொல்லே இல்லை. முனகலும், கம்பியில வழுக்கிக்கொண்டு போற ஒரு கிற்றாரும்தான். நான் அறையில போட்டுக் கேக்கேக்கை குசினியிலயிருந்து அம்மா எட்டிப் பாத்து, "ஆற்ற செத்தவீடு?" எண்டு கேட்டா. புளூஸ் எண்ட இந்தக் கறுப்பின அமெரிக்க இசையைப் பற்றி நான் வாசிச்ச கட்டுரையள் ஒண்டும் இவ்வளவு கிட்ட வரேல்லை.

அம்மான்ர காதில பிழை இல்லை. புளூஸில ஒரு சுரம் வரும், பியானோவில அதுக்குக் கட்டை கிடையாது. எங்கட கர்நாடக சங்கீதக் கணக்கில சொன்னா சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில தொங்கிக்கொண்டு நிக்கும். கோயில் திருவிழாவில நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடிச்சு அசைக்கேக்கை அந்த இடுக்குக்குள்ளதானே போய் வாறார்! வீணை மாதிரியான கோட்டுவாத்தியத்தில கம்பிக்கு மேல கட்டையை வழுக்கி விடுறதும் அந்த வேலைதான். புளூஸ் பிறந்த மிசிசிப்பி எங்கை, நாதஸ்வரத்துக்குப் பேர்போன எங்கட யாழ்ப்பாணத்து இணுவில் எங்கை எண்டு கேக்கிறவைக்கு என்னட்ட இருக்கிற பதில் இவ்வளவுதான்.

1977இல, வேற்றுக்கிரகத்தில ஆராவது கேக்கட்டும் எண்டு வொயேஜர் விண்கலங்களில அனுப்பின தங்க இசைத்தட்டில இந்தப் பாட்டும் போனது. அந்தத் தட்டில 55 மொழியில வணக்கம் இருக்கு. சிங்களம் இருக்கு, தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு. தமிழ் இல்லை. முதல் அறிஞ்ச அண்டைக்கு எனக்குச் சரியான கோவம். பிறகு யோசிச்சன், அம்மா ஒப்பாரி எண்டு நினைச்ச குரல் போயிருக்குத்தானே. பாடினவர் 1945இலயே செத்துப்போனார். வீடு எரிஞ்ச பிறகு அதுக்குள்ளயே நனைஞ்ச படுக்கையில படுத்து வருத்தம் வந்தது எண்டு மனுசி பின்னாளில சொல்லியிருக்கிறா.

இந்தப் பாட்டையும் இங்க போட்டனான். மூண்டு லைக். லைக் எனக்குப் பிரச்சினை இல்லை எண்டு சொன்னா அது பொய்.

ஆனாலும் போடுவன். ஏனெண்டா எனக்கு இந்தப் பாட்டுகள் தானா வரேல்லை, ஆரோ ஒருத்தர் கையில தந்துதான் வந்தது. தொண்ணூறுகளில, யுத்தத்தால எங்கட ஊரில கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில கசெற் கேட்ட ஆக்கள் நாங்கள். எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை ரெக்கோடிங் பாரில பதிஞ்ச கசெற் ஒண்டு வைச்சிருந்தார். சினிமாப் பாட்டெல்லாம் முடிய மிச்ச ரேப்பில ஓட்டிஸ் ரெடிங் எண்ட அமெரிக்கப் பாடகற்ற பாட்டு ஒண்டு. ஆர் பதிஞ்சது, ஏன் பதிஞ்சது, ஒண்டும் தெரியாது. சுத்துற கை களைச்சா ஓட்டிஸ் கிழவனாகிவிடுவார். பாட்டுக் கடைசியில வாற விசில் சில நாள் ஆந்தை அலறுற மாதிரிக் கேக்கும். கனவருசம் கழிச்சு நெற் கஃபேயில ஒழுங்கான பதிவைக் கேட்டிட்டு, இதென்ன இந்த மனுசன் இவ்வளவு அவசரமாப் பாடுறார் எண்டு நினைச்சன். அந்த மனுசன் 1967 டிசம்பரில, அந்தப் பாட்டுப் பதிஞ்சு சில நாளில, விமான விபத்தில போயிட்டார். வயசு 26.

யூரியூப் நான் கேட்டதையே திருப்பித் திருப்பித் தரும். மிச்ச ரேப்பில என்ன போடலாம் எண்டு அதுக்குத் தெரியாது.

மிசிசிப்பி ஜோன் ஹர்ட் எண்டு ஒரு புளூஸ் பாடகர். 1928இல கொஞ்சப் பாட்டுப் பதிஞ்சிட்டு, தட்டு விலைபோகாமல் தோட்டத்துக்கே திரும்பிப் போனவர். 1963இல ஒரு ரசிகர், அவற்ற பாட்டிலயே வாற அவலோன் எண்ட ஊர்ப்பேரைப் பிடிச்சு, பழைய வரைபடத்தில தேடி, நேர வீட்டு வாசலில போய் நிண்டார். கிழவன் முதல்ல பொலிஸ்காரர் எண்டு பயந்தாராம். முன்பின் தெரியாத ஆள் வாசலில நிண்டா என்ன வரும் எண்டு எங்களுக்கும் தெரியும். அதுக்குப் பிறகு 1966இல சாகும்வரைக்கும் மேடையில பாடினார்.

என்னட்ட ஒரு கண்டிப்பு மட்டும் இருக்கு. சும்மா லிங்கை எறிஞ்சிட்டுப் போகாதேங்கோ. உங்களுக்கு அதில என்ன பிடிச்சது எண்டு ஒரு வரி எழுதுங்கோ. நானும் முந்தி எழுதிறேல்லை, அதாலதான் ஒருத்தரும் திறந்து பாக்கேல்லையோ தெரியாது. போன மாசம் ஒரு ஓட்டோக்காரத் தம்பி உள்பெட்டியில எழுதினான்: "அண்ணை, அந்த முனகல் பாட்டை ஓட்டோவில போட்டன். ஏறின ஐயா இறங்கிற இடம் வந்தும் முடியட்டும் எண்டு இருந்திட்டார்."

இண்டைக்கு அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ். விமானத்துக்குக் கக்கூஸ் பூட்டுற தொழிற்சாலையில வேலை செய்தவர். 1971இல வந்த "எய்ன்ற் நோ சன்ஷைன்" பாட்டு நடுவில "ஐ நோ, ஐ நோ" எண்டு சொல்லிக்கொண்டே போவார். அந்த இடத்துக்குப் பிறகு வரி எழுதுவம் எண்டு இருந்தவராம். கூட வாசிச்சவை, அப்பிடியே விடு எண்டிட்டினம். மொத்தம் 26 தரம். நம்பாட்டி எண்ணிப்போட்டு வந்து சொல்லுங்கோ.

தார் மாமா, நீங்களும்தான்.