வரையாட்டின் தலைக்கு மேல் ஒரு வியூ பாயிண்ட்

நம் மலையில் புதிய மலையேற்றப் பாதை போடுவது பற்றி நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். "காட்டுக்கு நீங்கள் என்ன பட்டாதாரரா?" என்று ஒருவர் கேட்டதும், அரங்கம் கைதட்டியதும், நான் உட்கார்ந்துவிட்டதும் உண்மைதான். மைக்கைப் பிடுங்கிக்கொண்ட பிறகு நின்றுகொண்டிருந்து என்ன செய்வது?

நான் பாதையே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதை எங்கே போகக் கூடாது என்பதை முதலில் வரைந்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் பாதையை வரையுங்கள் என்று மட்டுமே சொன்னேன். மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் சிவப்புக் கோடு மலைமுகட்டின் மேலேயே ஓடி, ஒரு வியூ பாயிண்டில் போய் முடிந்தது. அதற்கு நேர் கீழே உள்ள பாறைச்சரிவில்தான் வரையாடுகள் குட்டிகளோடு ஒதுங்குகின்றன. செந்நாயோ சிறுத்தையோ விரட்டினால் அவை ஓடிச்சேர்வது அந்தச் செங்குத்துப் பாறைக்குத்தான். பாறையின் தலைமாட்டிலேயே நாம் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நின்றால் அவை வேறெங்கே போகும்?

"2024 வரையாட்டுக் கணக்கெடுப்பில் 1,031, மறு ஆண்டே 1,303, எண்ணிக்கை கூடத்தானே செய்கிறது?" என்கிறார்கள். தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கு ஐயா அது. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் அதைவிடக் கூட்டம் உட்காருகிறது. கேரளத்தின் இரவிகுளத்தில் ஈற்றுக்காலத்தை ஒட்டி ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுற்றுலாவையே நிறுத்திவைக்கிறார்கள். அதனால் மூணாறு ஒன்றும் திவாலாகிவிடவில்லை.

மாற்று வழியையும் நானே சொன்னேன். புல்வெளியை அழித்து நட்ட அந்நிய மரமான சீகைக் காட்டுக்குள் பழைய ஜீப் தடம் இருக்கிறது. ஏற்கெனவே கெட்டுப்போன இடம், இனிக் கெடுவதற்கு அதிகமில்லை. சுற்றிப்போனால் முக்கால் மணி நேரம் கூடுமாம். மலையேற வருகிறவர்களுக்கு நடப்பதில் இத்தனை வருத்தமா? புல்வெளியில் செங்குத்தாக இழுத்த பாதை என்னவாகும் என்பதை வேறு மலைகளில் பார்த்திருக்கிறேன்: இரண்டு மழையில் புல்லின் வேர் வெளியே தெரியும், மூன்றாவது மழையில் அதுவே வாய்க்காலாகும், சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நடக்க, ஒரு பாதை நான்காகும்.

"நீ மட்டும் இளமையில் சுற்றியவன்தானே, இப்போது கதவைச் சாத்துகிறாயா?" என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: ஆம், சுற்றினேன். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு முகட்டில் ஏறி நின்று, எதிரொலி கேட்பதற்காகக் கூவினேன். கீழே மந்தை சிதறி ஓடியது. ஒரு குட்டி மட்டும் பாறை விளிம்பில் தனியாக நின்று கத்தியது. எங்களுடன் வந்த வயதான வனக்காவலர் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. எங்களைப் பாறைக்குப் பின்னால் குனிந்து உட்காரவைத்தார். தாய் திரும்பி வரும்வரை, தூறலில், இரண்டு மணி நேரம், ஒரு பீடிகூடப் பற்றவைக்காமல் அவரும் உட்கார்ந்திருந்தார். எனக்கு இருக்கும் தகுதி அந்த இரண்டு மணி நேரம்தான்.

பாதை இல்லாவிட்டால் திருட்டுத்தனமாகப் போவார்கள், குரங்கணி மறந்துவிட்டதா என்பது நியாயமான கேள்வி. தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் மாதக் காட்டுத்தீயை யாரால் மறக்க முடியும்? அதனால்தான் 2024இல் வனத்துறை 40 தடங்களை முறைப்படுத்தித் திறந்தபோது வரவேற்று இங்கேயே எழுதினேன். அவையும் தீக்காலத்தில் மூடப்படுகின்றன. நீலகிரியில் எருமை மேய்க்கும் பழங்குடிகளான தோடர்கள் நடக்கவில்லையா என்பவர்களிடம் மட்டும் பேச எனக்குத் தெம்பில்லை. எருமைக்குப் பின்னால் ஒருவர் நடப்பதும், சனிக்கிழமைதோறும் நாற்பது பேர் புளூடூத் ஸ்பீக்கரோடு நடப்பதும் அவர்களுக்கு ஒன்றாகத் தெரிந்தால், அப்படியே இருக்கட்டும்.

கைதட்டியவர்களில் என்னிடம் பறவை பார்க்கப் பழகிய தம்பி ஒருவரும் இருந்தார். காணொளியில் இரண்டாவது வரிசை, நீலச் சட்டை. என் பைனாகுலர் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர அவசரமில்லை, தம்பி. ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பாறையை அதை வைத்துக் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பிறகு கொண்டுவாருங்கள்.