தலை வாருவதற்குத் தடை இல்லை

"பெற்றோர் இறந்தால் யூதப் பெண் ஓராண்டு தலை வாரவே கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. துக்கத்தின் முதல் ஏழு நாளான ஷிவாவிலும் சீப்பால் தலை வாரலாம். தடை முடி வெட்டுவதற்குத்தான். அதிலும் பெண்ணுக்கு ஏழு நாளே போதும் என்கிறது 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த யூதச் சட்டநூலான ஷுல்ஹான் அரூக். போலந்தின் கிராக்கோ நகர ரப்பி (யூத மதகுரு) மோசே இசெர்லெஸ் இதை ஏற்காமல் 30 நாள் என்றார். இன்றும் செபார்திகள் (ஸ்பெயின் வழி வந்த யூதர்கள்) பெரும்பாலும் முன்னவரையும், அஷ்கெனாசிகள் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த யூதர்கள்) பின்னவரையும் பின்பற்றுகிறார்கள். கண்மை, முகப்பூச்சு ஷிவாவில் கூடாது; மணமானவள் ஷிவா முடிந்ததுமே இட்டுக்கொள்ளலாம். குளியலுக்கும் முழுத் தடை இல்லை: சுகத்துக்காகக் குளிப்பதுதான் விலக்கு, அழுக்கைக் கழுவுவது அல்ல. துக்கத்தில் இருப்பவளை அழுக்கோடு உட்கார வைக்கும் மதம் என்று தயவுசெய்து பரப்பாதீர்கள்.